நாற்பத்தாறு நிமிடத் தூரம்

மார்ச் 4

என் அருமை மருமகளுக்கு,

உன் அத்தை எழுதுவது. நலமா? நீ நலமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டால்தான் காலையில் கட்டிலை விட்டு இறங்கவே எனக்குக் கால் வருகிறது.

எட்டு மாதம் கழித்து இப்போதுதான் எழுதத் தோன்றியதா என்று கோபிக்காதே. என் போனைத் தினமும் சாயங்காலம் என் மகன், உன்னைக் கட்டியவன், வாங்கிப் பார்க்கிறான். யார் கூப்பிட்டார்கள், எத்தனை நிமிடம் பேசினேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறான். அதனால் எதிர்வீட்டுத் தையற்கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கோட்டுக்குப் பொத்தான் வைக்க வந்ததாகப் பேர். நீயும் பதிலை முன்போலவே இந்தக் கடை முகவரிக்கே போடு. படித்துவிட்டு இவளுடைய துணிப்பெட்டிக்கு அடியிலேயே வைத்துவிடுவேன். தையற்காரி வாயைத் திறக்கமாட்டாள். ஊர்க்கதையெல்லாம் பேசுவாள், இதைப் பேசமாட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஊருக்கும் உன் ஊருக்கும் நடுவே லைட் ரயில் என்று ஒரு சின்ன ரயில் விடுகிறார்களே, அந்த வேலை முடியப்போகிறது. நீ போன அன்று மூன்று பேருந்து மாறி, நடுவில் ஒன்று பழுதாகி நின்று, போய்ச் சேர ஐந்து மணி நேரம் ஆனது என்று எழுதியிருந்தாய். அந்த ஐந்து மணி நேரத்தை நினைத்துத்தான் இத்தனை நாள் நான் தூங்கினேன். இனி நாற்பத்தாறு நிமிடமாம். இங்கே ஏறினால் அங்கே இறங்கலாம்.

அதோடு போயிற்றா என்றால் இல்லை. அவன் பேருந்து வேலையை விட்டுவிட்டு அந்த ரயிலில் டிரைவராகச் சேர்ந்திருக்கிறான். மூன்று மாதப் பயிற்சி. அப்புறம் தினமும் நாலு தடவை உன் ஊருக்கு வந்து போவான்.

நீ அங்கே இருப்பது அவனுக்குத் தெரியாது. வெளிநாட்டில் இருக்கும் உன் அண்ணனிடம் போய்விட்டாய் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன், அவனும் நம்பிவிட்டான். நம்பியதுபோல் இருக்கிறான். எது என்று எனக்கே பிடிபடவில்லை.

ஜாக்கிரதையாக இரு. வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அத்தை


மார்ச் 9

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் கவரைப் பிரிக்காமலே சந்தோஷப்பட்டேன். பிரித்த பிறகு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியுமே. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சை வைத்து, மெழுகில் பல் செதுக்கி, பல்செட்டு கட்டிக் கொடுக்கிறோம். லேப் முதல் மாடியில் இருக்கிறது. பல்லுக்கு நிறம் பொருத்துவதை விளக்கு வெளிச்சத்தில் செய்ய முடியாது, பகல் வெளிச்சம் வேண்டும். அதனால் என் மேசை ஜன்னலோரம். அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே என்ன கட்டுகிறார்கள் தெரியுமா? கடைசி நிறுத்தம். மேடை போட்டாயிற்று. கண்ணாடிக் கூரையும் வந்துவிட்டது. பத்து நாளாக நானே அதை வேடிக்கை பார்த்து, "இனிமே பஸ்சுக்கு நிக்க வேண்டாம்" என்று கூட இருப்பவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் ஒரு முன்பல்லை மூன்று முறை செதுக்கினேன். மூன்றும் கோணல். "கைக்கு என்னம்மா ஆச்சு, காப்பி ஜாஸ்தியா?" என்று முதலாளியம்மா கேட்டார். சிரித்து மழுப்பினேன்.

அத்தை, உங்கள் மகன் இந்த வழியை வேண்டுமென்றே கேட்டு வாங்கினாரா? தெரிந்தால் மறைக்காமல் எழுதுங்கள். அவர் எந்த நேரத்து வண்டி ஓட்டுவார் என்பது தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.

இங்கே வந்த பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. கதவைப் பூட்டிவிட்டுப் படுத்தால், பூட்டினேனா என்று மறுபடி எழுந்து பார்ப்பதில்லை. எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத்தான் புரியும். நேற்றிலிருந்து அது போய்விட்டது.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

அன்புடன்,
உங்கள் மருமகள்


ஏப்ரல் 17

என் அருமை மருமகளுக்கு,

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே. இடது கையால் எழுதுகிறேன். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன். வலது கையில் இரண்டு விரலுக்குக் கட்டு. வயசான காலத்தில் இதெல்லாம் சகஜம்.

அவன் அந்த வழியை வேண்டுமென்று வாங்கவில்லை. இருப்பதே ஒரு வழிதான், அதில் கேட்டு வாங்க என்ன இருக்கிறது? பயிற்சி மும்முரமாக நடக்கிறது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எங்கே வேகம் குறைக்க வேண்டும், எங்கே மணி அடிக்க வேண்டும் என்று தனக்குத்தானே ஒப்பிக்கிறான். ஆற்றுப் பாலத்தில் மட்டும் ஒற்றைத் தண்டவாளமாம். ஒரு வண்டி பாலத்தைக் கடக்கும்வரை எதிர் வண்டி பக்கத்து நிறுத்தத்தில் காத்திருக்குமாம். சீருடை வந்துவிட்டது. இஸ்திரி போட்டுக் கண்ணாடி முன்னால் நின்றான். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போன முதல் நாள் நின்ற மாதிரியே இருந்தது.

வேலைக்குப் போகும் முன், குடித்திருக்கிறானா என்று பார்க்க ஒரு கருவியை வாயில் வைத்து ஊதச் சொல்கிறார்களாம், அதனால் குடிப்பதில்லை. ஒரு வாரம் அதிர்ந்துகூடப் பேசவில்லை. எனக்கு ஒரு நப்பாசை. மாறிவிட்டானோ? நீ கோபப்படக் கூடாது, கேட்கிறேன். என்றைக்காவது நான் பக்கத்தில் இருக்கும்போது ஒரே ஒரு தடவை பேசிப் பார்ப்பாயா?

பெற்றவள் கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்.

உன் அத்தை


ஏப்ரல் 22

அன்புள்ள அத்தைக்கு,

கோபப்படக் கூடாது என்று எழுதிவிட்டீர்கள். படவில்லை. பயம்தான் வந்தது.

"குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன்." இது என் வரி, அத்தை. என் தோள்பட்டை இறங்கிய அன்று மருத்துவமனையில் நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள்தான் டாக்டரிடம் இதைச் சொன்னீர்கள். அப்புறம் அடுத்த இரண்டு தடவை நானே சொல்லிக்கொண்டேன். டாக்டரும் எழுதிக்கொண்டார்.

வழுக்கி விழுகிறவர் கையை ஊன்றுவார், மணிக்கட்டு உடையும். நடுவிரலும் மோதிரவிரலும் மட்டும் எப்படி உடையும்? உங்கள் மகன் விரலைப் பிடித்துப் பின்னால் மடக்குவது எனக்குத் தெரியும். கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை மெல்ல மெல்ல மடக்குவார். குரலை உயர்த்தவே மாட்டார்.

என்ன கேட்டார்? என்னைப் பற்றியா?

எனக்காக விரலைக் கொடுக்காதீர்கள், அத்தை. என்னை வீட்டை விட்டு அனுப்பிய அன்று அலமாரியிலிருந்து என் சான்றிதழ்களை எடுத்துக் கையில் திணித்தீர்களே, அது போதும் எனக்கு. அவர் மறுபடி கேட்டால் சொல்லிவிடுங்கள். நான் வேறு ஊர் பார்த்துக்கொள்கிறேன்.

பேசிப் பார்ப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். முடியாது.

மறைக்காமல் பதில் போடுங்கள்.

உங்கள் மருமகள்


மே 24

என் கண்ணே,

நீ கேட்டதற்குப் பதில் எழுத எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. வெட்கம்தான். ஆமாம், அவன்தான். உன் அண்ணனுடைய முகவரி கேட்டான். தெரியாது என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை. கையை விட்டதும் அவனே ஐஸ் கட்டி கொண்டுவந்து வைத்தான். "ஏம்மா என்னை இப்படிப் பண்ண வைக்கிற" என்று அழுதான்.

இன்று எழுதுவது அதற்காக அல்ல. நேற்று சோதனை ஓட்டத்தில் உன் ஊர்வரை வந்திருக்கிறான். திரும்பி வந்து, சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "கடைசி ஸ்டாப்புக்கு எதிர்ல ஒரு கட்டடம்மா. முதல் மாடி ஜன்னல்ல ஒருத்தி உக்காந்து வேலை செய்யறா. முகத்துல மாஸ்க். ஆனா தலையைச் சாய்ச்சு உக்காந்திருந்ததைப் பாத்தா அவளாட்டமே இருந்துச்சு."

"ஊர்ல ஆயிரம் பேர் தலையைச் சாய்ச்சு உக்காருவாங்க" என்றேன்.

"அதான் நானும் நினைச்சேன். எதுக்கும் லீவு நாள்ல போய்ப் பாத்துட்டு வரேன்" என்றான். சிரித்தான். நான் தட்டைக் கழுவப் போய்விட்டேன். ஒரே தட்டை மூன்று முறை கழுவியிருக்கிறேன்.

ஜூன் 2 திங்கட்கிழமை ரயில் திறக்கிறார்கள். அவனுக்கு முதல் விடுமுறை வியாழன். அதற்குள் அந்த ஊரை விட்டுப் போய்விடு. எங்கே என்று எனக்கு எழுதாதே. தெரியாமல் இருந்தால்தான் சொல்லாமல் இருப்பேன்.

உன் அத்தை


மே 28

அன்புள்ள அத்தைக்கு,

கடிதம் நேற்று கிடைத்தது. பெட்டியை எடுத்து வைத்து, துணிகளை அடுக்கி, மறுபடி எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டேன். நான் போய்விட்டால் வியாழக்கிழமை சாயங்காலம் அவர் வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்புவார். அங்கே நீங்கள் இருப்பீர்கள். அதை நினைத்தால் பெட்டியை மூட முடியவில்லை.

முதலாளியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஜன்னலில் பாதி உயரத்துக்கு வெள்ளைத்தாள் ஒட்டினார். பிறகு என்னைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனார். "இங்க வந்து இன்னும் ஒண்ணும் பண்ணலையேம்மா. ஏதாவது நடந்தா உடனே வாங்க" என்றார்கள். நடந்த பிறகு நான் எப்படி வருவேன் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

நீங்கள் இங்கே வந்துவிடுங்கள், அத்தை. அவர் வீட்டில் இருக்கும்போது வாசலைத் தாண்ட முடியாது. வண்டியில் இருக்கும்போதுதான் முடியும். ஓட்டுகிறவர் இருக்கையை விட்டு எழ முடியாதே. செவ்வாய்க்கிழமை காலை அவர் இங்கிருந்து திரும்பும் நேரம் பார்த்து அங்கே ஏறுங்கள். எப்படி ஏறினாலும் வழியில் ஓரிடத்தில் எதிரே வரத்தான் செய்வார். பின்பெட்டியில், எதிர் வண்டி வராத மறுபக்கத்தில் உட்காருங்கள். தலையில் துணி போட்டுக்கொள்ளுங்கள். கையில் பெரிய பை வேண்டாம். நான் கடைசி நிறுத்தத்தில் நிற்பேன். இரண்டு பேருமாக வேறு எங்காவது போவோம்.

பதில் போட நேரமில்லை. வருவீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் மருமகள்


ஜூன் 6

என் கண்ணே,

அன்று காலை முழுக்க நீ நிறுத்தத்தில் நின்றிருப்பாய். முதலில் அதற்கு மன்னித்துவிடு. இடது கை மூன்று வரிக்கு ஒரு முறை ஓய்வு கேட்கிறது. இதை முடிக்க இரண்டு நாள் ஆயிற்று.

நீ சொன்னபடியே ஏறினேன். பின்பெட்டி, மறுபக்கத்து இருக்கை. திறப்புக்கு மறுநாள் என்பதால் சும்மா ஒரு சுற்றுப் போய்வர ஏறியவர்கள்தான் நிறைய. பெட்டி புது பெயின்ட் வாசனை. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

பாலத்துக்கு முந்தைய நிறுத்தத்தில் வண்டி நின்றது. பாதிப்பேர் ஆற்றைப் பார்க்க இறங்கிவிட்டார்கள். என் பெட்டி காலியாகி, இரண்டு பக்கமும் வெறும் கண்ணாடியாக ஆகிவிட்டது. பாலத்தில் எதிர் வண்டி வந்தது. மெல்ல வந்து பக்கத்திலேயே நின்றது. என் இருக்கைக்கு நேர் எதிரே அதன் டிரைவர் கண்ணாடி.

குனிந்திருக்க வேண்டும். நிமிர்ந்து பார்த்துவிட்டேன். பெற்ற பழக்கம்.

முதலில் அவன் சிரித்தான். அம்மா தன் ரயிலில் ஏறியிருக்கிறாளே என்ற சந்தோஷம். நிஜமான சந்தோஷம்தான் அது. பிறகு வண்டி போகிற திசையைப் பார்த்தான். என் தலைத்துணியைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பக்கத்துச் சின்னக் கண்ணாடியைத் திறந்து ஏதோ சொன்னான். என் பக்கம் மூடிய கண்ணாடி, சத்தம் வரவில்லை. ஆனால் முப்பத்தாறு வருஷமாகப் பார்த்த வாய். "இறங்கு" என்றான். "இறங்கி அங்கேயே நில்லு. வரேன்."

நானும் எழுந்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், கதவுவரை போய்விட்டேன். கதவு மூடிக்கொண்டது. வண்டி பாலத்தில் ஏறிவிட்டது.

அவன் வண்டி கடைசிவரை போய்த் திரும்பியாக வேண்டும். அப்புறம் நேராக உன்னிடம்தான் வருவான். ஜன்னலில் இருப்பது யார் என்ற சந்தேகத்தை நானே தீர்த்துவிட்டேன். உன்னைத் தேடி வந்து அவனுக்கு வழி காட்டினேன். அப்போதுதான் அது உறைத்தது. பாலம் தாண்டிய முதல் நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். அங்கேதான் ரயில்காரர்களின் அலுவலகம் என்று அவன் ஒப்பித்ததில் காதில் விழுந்திருந்தது.

உள்ளே டிரைவர்களின் நேர அட்டவணை பார்க்கும் ஒரு பெண் இருந்தாள். "யாரும்மா வேணும்?" என்றாள்.

"இங்க வண்டி ஓட்டற ஒருத்தனைப் பத்திச் சொல்லணும்."

"வேகமா ஓட்டினாரா?"

"இல்ல. நல்லாத்தான் ஓட்டுவான். நான் அவனோட அம்மா."

மேசைமேல் கையை வைத்துக் கட்டைப் பிரித்தேன். அவள் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "டாக்டர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"வழுக்கி விழுந்தேன்னு."

"என்கிட்ட என்ன சொல்லப்போறீங்க?"

சொன்னேன். போலீஸ்காரர்கள் வந்த பிறகு மறுபடி முதலிலிருந்து சொன்னேன். உன் தோள்பட்டையைச் சொன்னேன். மூன்று வருஷம் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, நீ அழுவது கேட்கக் கூடாது என்று ரேடியோவைச் சத்தமாக வைத்ததையும் சொன்னேன். அதை யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

புகார்த்தாளில் பெயர், வயது எல்லாம் எழுதியாயிற்று. அதற்குக் கீழே "குற்றம் சாட்டப்பட்டவருக்கு உறவு" என்று ஒரு கட்டம். இடது கையால் "தாய்" என்று எழுத எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண் காத்திருந்தாள்.

அவன் வண்டி திரும்பி அங்கே வந்தபோது வேறு டிரைவர் தயாராக நின்றார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மரியாதையாகச் சாவியைக் கொடுத்தான், தொப்பியைச் சரிசெய்துகொண்டான், இறங்கினான். போலீஸ்காரர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு மேடையில் என்னைத் தேடினான். முந்தைய நிறுத்தத்தில் காணவில்லையே, இங்கே நிற்பேன் என்று நினைத்திருக்கிறான்.

இப்போது காவலில் இருக்கிறான். நான் தையற்காரியின் மாடியறையில் இருக்கிறேன். நீ வேறு ஊருக்கு ஓட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்க விடுகிறார்கள். இந்த வாரம் எனக்கு உடம்பு தாங்காது. அடுத்த ஞாயிறு போவேன். போகாமல் இருக்க என்னால் ஆகவில்லை, நீ என்ன நினைத்தாலும் சரி. ஆனால் ஒரு பயம், கண்ணே. அவன் அடிப்பான் என்ற பயம் இல்லை. அவன் முகத்தைப் பார்த்ததும், "அம்மா" என்று ஒரு தடவை கூப்பிட்டதும், எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்வேனோ என்று பயம். அன்று கதவுவரை போனவள்தானே நான்.

இதற்கப்புறம் எனக்கு எழுத உனக்கு மனமில்லை என்றால் எழுத வேண்டாம். தப்பாக நினைக்கமாட்டேன்.

உன் அத்தை


ஜூன் 10

அன்புள்ள அத்தைக்கு,

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழரையிலிருந்து மதியம்வரை நின்றேன். பத்தொன்பது வண்டி வந்தது. ஒவ்வொன்றிலும் முதலில் டிரைவரைப் பார்த்தேன், அப்புறம்தான் இறங்குகிறவர்களை. நீங்கள் இல்லாத ஒவ்வொரு வண்டிக்கும் உங்களுக்கு ஒவ்வொரு விதமாக ஆபத்து வந்ததாக நினைத்துக்கொண்டேன். கடைசியில் முதலாளியம்மா வந்து என் கையைப் பிடித்து மேலே கூட்டிப்போனார்.

சனிக்கிழமை இங்கே போலீஸ் வந்து என்னிடமும் வாக்குமூலம் வாங்கிக்கொண்டது. எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்தும் போட்டுவிட்டேன். உங்கள் பெயருக்குக் கீழே இப்போது என் பெயரும் இருக்கிறது.

ரேடியோவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்குத் தெரியும், அத்தை. எப்போதும் தெரியும். அதைப் பற்றி நேரில் பேசலாம், பேச எனக்கும் இருக்கிறது. கடிதத்தில் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தனியாகப் போக வேண்டாம். காலை முதல் வண்டியில் நான் வருகிறேன். தையற்கடை வாசலில் இருங்கள், சேர்ந்து போவோம். நான் வெளிவாசல்வரை வருவேன். உள்ளே வரமாட்டேன், அவரைப் பார்க்கமாட்டேன். நீங்கள் உள்ளே போய்ப் பாருங்கள். அழுகை வந்தால் அழுங்கள். வேண்டியதைப் பேசுங்கள். ஆனால் எதிலும் கையெழுத்துப் போடும் முன் வெளியே வந்து என் முகத்தை ஒரு தடவை பாருங்கள். நான் அந்த வாசலை விட்டு நகரமாட்டேன்.

அந்த ரயிலில் ஏறுவதை நினைத்தால் இப்போதே பயமாக இருக்கிறது. பாலம் வரும்போது கண்ணை மூடிக்கொள்வேனோ என்னவோ. இருந்தாலும் வருகிறேன்.

உங்கள் மருமகள்